பளபளத்த கட்டர்

ஓவன் தட்டைத் துடைத்துக்கொண்டே மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள். "நேத்து இதுல ஒரு இரும்புத் துண்டுதானே வெச்சீங்க? ரெண்டு செஞ்சீங்களே?"

தேநீர் குடித்துக்கொண்டிருந்த கணவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

தனக்கு வேண்டிய வெட்டுக்கருவிகளைப் பின்னறை லேத்தில் தானே செய்துகொள்கிறவர் அவர். கடையில் வாங்கினால் மானம் போய்விடும் என்று ஒரு வீம்பு. நேற்று இரண்டு கட்டர் செய்தார். மச்சானின் இரும்பு செதுக்கும் மில்லிங் மிஷினுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. செக்கச்செவேலெனக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் எஃகு இறுகும். கூடவே கண்ணாடி போல நொறுங்கவும் தயாராகிவிடும். ஓவனில் வைத்து, மேலே வைக்கோல் நிறம் படரும்வரை பொறுத்து எடுத்தால்தான் அந்த நொறுங்கும் குணம் அடங்கும். ஒன்றை வைத்தார். மற்றது மறந்துபோய் எண்ணெய் டின்னிலேயே கிடந்திருக்கிறது. போதாக்குறைக்கு, "உங்க கட்டரெல்லாம் கரி புடிச்ச ஆணி மாதிரி இருக்கு மாமா" என்று மச்சான் போன வாரம் கிண்டலடித்தது மனதில் உறுத்த, பிறகு இரண்டையும் உப்புத்தாளில் தேய் தேயென்று தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தார். அடையாளமாக இருந்த நிறமும் போயிற்று. காலையில் வந்த மச்சான் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மச்சானுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மிஷின் ஓடும்போது இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

மிச்சமிருந்த கட்டரை வைஸ் இடுக்கியில் இறுக்கி, கந்தலைச் சுற்றி, சுத்தியலை எடுத்தார். இது நொறுங்கினால், மச்சானிடம் போனது ஓவனில் வைத்த நல்ல கட்டர். ஓங்கி அடித்தார். ணங்கென்றது. இன்னொரு அடி. "உடைஞ்சு தொலையேன்" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். மூன்றாவது அடிக்குப் பிறகு கந்தலை விலக்கினால், முழுசாக நின்றது. தன் கைவேலை நன்றாக இருந்ததைப் பார்த்து அவர் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

"என்னங்க ஆச்சு? என் தம்பிக்கு என்ன?"

"வேலை செய்றப்போ கண்ணுக்குக் கண்ணாடி போடுவானா?"

"ஆவி படியுதுன்னு கழட்டிருவானே..."

செருப்புகூட மாட்டாமல் ஓடினார். அடுத்த தெருதான், ஆனால் கால் போய்ச் சேருகிற வழியாக இல்லை. முனை திரும்பும்போதே மிஷின் இரைச்சல் காதில் விழுந்தது. ஒரே சீராக இரைந்தது. அப்படியே இரு, அப்படியே இரு என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஷெட்டுக்குள் மச்சான் குனிந்திருந்தான். கட்டருக்கும் அவன் மூக்குக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். கூப்பிட்டால் திடுக்கிட்டுக் கைப்பிடியை வெடுக்கென்று திருப்பிவிடுவான். சுவிட்ச் மிஷினுக்கு அந்தப் பக்கச் சுவரில். கட்டர் சிதறினால் சில்லுகள் பாய்கிற வழியைத் தாண்டித்தான் போகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டி, சுவிட்சை அடித்தார்.

மோட்டார் நின்றது. கட்டர் நிற்கவில்லை. ஏறிய வேகத்தில் இன்னும் சுற்றி இரும்பை உரசிக்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து வந்து, பின்னாலிருந்து இரு கைகளாலும் மச்சானின் முகத்தைப் பொத்தினார்.

"மாமா! என்ன விளையாட்டு? கையெல்லாம் எண்ணெய் நாத்தம்."

"அசையாத. பேசாம இரு."

உள்ளங்கைக்குள் அவன் இமைகள் படபடத்தன. எதிரே வெள்ளி வளையமாகச் சுழன்ற கட்டர் உடையாமல் வேகம் குறைந்து, மெல்ல மெல்ல ஒரு கூர்முனையாகத் தெரியத் தொடங்கியது.