தெரிந்தவர்கள் வெளியே போகலாம்

வெர்டெல் கிரிம்ஸ் இருபத்தெட்டு வருடம் ஹேவர்ஹில் தெரு வழியாக நகரப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்த அந்த ஊரின் அறக்கட்டளை அவளைத் தேடி வந்தது. தெருவுக்கான நிதி யாருக்கு என்று தெருக்காரர்களே முடிவு செய்ய ஏழு பேர் குழு. அவளும் ஒருத்தி. பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

அந்த வருடம் நிதி கேட்டவர்கள் இருவர். சர்ச்சின் கீழ்த்தளத்தில் தனிக்கட்டைக் கிழவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் ஓசெல்லா, வெர்டெலின் பள்ளித் தோழி. இன்னொன்று, நடைபாதையில் மரம் நட விரும்பிய வெளியூர் அமைப்பு.

கூட்டத்தில் அறக்கட்டளை அலுவலர் விதியைப் படித்தார். விண்ணப்பித்தவரைத் தெரிந்தவர்கள் வெளியே போய்விட வேண்டும்.

ஓசெல்லாவின் கையால் சாப்பிடாத பழைய ஆள் தெருவில் யார்? நான்கு பேர் எழுந்தார்கள். போன வருடம் வீடு வாங்கி வந்த மூவர் உள்ளே இருந்தார்கள்.

"தெரியும்னு வாயத் தொறக்காம உள்ளேயே உக்காந்திருக்கலாம்," என்றார் முடிவெட்டும் கிளியோபஸ், வராந்தாவில்.

"விதிப்படி நடப்போம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோமே," என்றாள் வெர்டெல்.

கதவு திறந்தபோது நிதி மரங்களுக்குப் போயிருந்தது.

அன்று மாலையே ஓசெல்லாவிடம் போய்ச் சொன்னாள். ஓசெல்லா துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியாடீ?"

"சொல்லக் கூடாதுடீ. விதி அப்படி."

"பின்ன யாரு சொல்லுவா? என்னைத் தெரியாதவனா?"



நவம்பர் கடைசியில் நன்றி நாள் பண்டிகை வருவதற்குள், பணமில்லாமல் சர்ச்சில் அடுப்பு அணைந்தது. அங்கே தினமும் சாப்பிட்ட எண்பத்து நான்கு வயது டிட்வெல் இரண்டு நாள் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார். பிறகு அவர் மகள் வந்து, எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். வெர்டெல் தன் வீட்டில் சமைத்து நான்கு பேருக்குக் கொண்டுபோனாள். பனி விழத் தொடங்கியதும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதுவும் நின்றது.

ஜனவரியில் ஓசெல்லா வீட்டை விற்றுவிட்டு அட்லாண்டாவில் மகனிடம் போனாள். சொல்லிக்கொள்ளவில்லை. சாமான் வண்டியைப் பார்த்துத்தான் வெர்டெலுக்கே தெரியும். செருப்போடு பனியில் ஓடிவந்து கையை ஆட்டினாள். ஓசெல்லா முன்சீட்டில் நேரே பார்த்தபடி இருந்தாள்; வண்டி திரும்பியபோதும் முகத்தைத் திருப்பவில்லை.