ஐந்து மீட்டரும் ஒரு பொன்னாடையும்

"15 நவம்பர் 1994, செவ்வாய். இன்று வகுப்பில் என் சிறு பிழை ஒன்றைக் கண்டுபிடித்தேன். பென்குயின்களிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவும் என்பதை ஐந்து அடி என்று தட்டச்சு செய்திருக்கிறேன்."

நாட்குறிப்பில் 'சிறு' என்ற சொல்லை இம்மாகுலேற் வெட்டினாள். பிறகு அவ்வளவு பெரிதுமில்லையோ என்று மறுபடி எழுதினாள். மாலை வகுப்பில் சுற்றுலாத்துறை படிக்கும் அவளுக்குப் பகலில் லண்டன் ஸ்ட்ரெதமில், பத்மநாதனின் பயண முகவர் நிலையத்தில் வேலை. காசிக்கும் சிதம்பரத்துக்கும் ஆள் அனுப்பி அலுத்துப்போன பத்மநாதன், ஜனவரியில் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழு பன்னிரண்டு பேரையும் அந்தாட்டிக்காவுக்குக் கப்பலேற்றப் போகிறார். அவர்களுக்குக் கொடுத்த விதிமுறைத் தாளில்தான் அந்த அடி.

புதன் காலை முதலாளியிடம் சொன்னாள். கப்பலில் வெள்ளைக்காரன் சொல்லிக்கொள்வான், நாங்கள் ஏன் வாய் திறக்க வேண்டும் என்றார் அவர். சங்கத் தலைவர் பரமேஸ்வரன் மனம் மாறினால் பன்னிரண்டு பேரும் மாறுவார்கள், பிறகு அவளுடைய கதிரையும் காலியாகும் என்பதை அன்பாக நினைவூட்டினார்.

மதியம் தலைவரே வந்தார், கையில் சரிகைப் பொன்னாடையோடு. கவுன்சிலர், பல் வைத்தியர், மண்டபக் காவலாளி என்று லண்டனில் போர்த்தப்படாத தோள் மிச்சமில்லாததால், தமிழர் சார்பில் ஒரு பென்குயினைக் கௌரவிப்பதெனச் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. ஆண்டு மலருக்கு அட்டைப்படமும் அதுதான்.

"அஞ்சடி எண்டால் பிரச்சினை இல்லைப் பிள்ளை. பொன்னாடை ஆறடி. எட்டிப் போடலாம்."

பத்மநாதன் அவளை எச்சரிப்பதுபோல் இருமினார். இம்மாகுலேற் எழுந்து நின்றாள்.

"அது அடியில்லை ஐயா, மீட்டர். பிழை என்ரை. அதுகள் குஞ்சு வைச்சிருக்கிற காலம். கிட்டப் போனால் தாய் தகப்பன் ஓடியிடும். குஞ்சை வேறை பறவை தூக்கியிடும்."

"பதினொரு வருசமாப் போர்த்திறன். ஒருத்தரும் ஓடினதில்லை."

"மண்டபக் கதவு சாத்தியிருந்தது, ஐயா."

இதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தலைவர் பொன்னாடையை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

"கப்பல் கப்டனுக்குப் போடலாமோ?"

"ஓம் ஐயா. அவர் கப்பலை விட்டிட்டு ஓட ஏலாது."

உடனே திருத்திய தாள் அடிக்கச் சொன்னார் பத்மநாதன், யோசனை தன்னுடையது போல.

அன்றிரவு இம்மாகுலேற் எழுதினாள்: "நாளை: பழைய தாள் பன்னிரண்டையும் திரும்ப வாங்கிப் புதியதைக் கொடுக்க வேண்டும். முதலில் சட்டன் பகுதியில் தலைவர் வீடு."