சட்டித்தலைக்குப் பின்னால் நான்

எங்கள் ஆய்வகத்து ரோபோ தானாகவே பேசும் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வோம். பேசாது. அடுத்த அறையிலிருந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டு நான் பொத்தானை அழுத்தினால்தான் அது வாயைத் திறக்கும். மனிதர்கள் இயந்திரத்திடம் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்ப்பதற்கு இப்படி ஒரு ஏற்பாடு. தலை கவிழ்த்த சட்டி மாதிரி இருப்பதால் அதற்குச் சட்டித்தலை என்று பெயர் வைத்திருந்தோம்.

அன்றைக்கு அதனோடு பேச வர வேண்டிய ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். யாரையாவது பிடித்துக்கொண்டு வா என்று பேராசிரியர் என் உயிரை வாங்கினார். வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூட்டி வந்தேன். சொந்தக்காரர்களை உட்கார வைக்கக் கூடாது என்பது பேராசிரியரே போட்ட விதி. அவசரத்தில் அவருக்கே மறந்துவிட்டது.

அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி. வலது காலில் புண் ஆறாமல் கிடக்கிறது. உடனே ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிவிட்டார். இவர் அசைந்தால்தானே! நாளைக்குப் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம், டூட்டி இருக்கிறது. அண்ணி அழுது பார்த்தார், நான் சண்டை போட்டுப் பார்த்தேன். சுவரோடு பேசியிருந்தாலாவது பலன் இருந்திருக்கும்.

அந்த மனுஷன் சட்டித்தலையிடம் கொஞ்சிக் குலாவுகிறார்! சாப்பிட்டாயா என்று அதை விசாரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் பொத்தான் கிடையாது. "சரி", "அப்படியா", "மேலே சொல்லுங்கள்". இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டு "மேலே சொல்லுங்கள்" என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

வண்டியின் பிரேக், டிராஃபிக், கண்டக்டரின் சோம்பேறித்தனம் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்த பிறகு குரலை இறக்கினார்.

"கால்ல புண்ணுப்பா. எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. கால் போனா வண்டி எடுக்க முடியாது. வீட்ல சொல்ல முடியல. பொண்டாட்டி அழுவா. ஒரு தங்கச்சி இருக்கா, பாசக்காரிதான். ஆனா வாயத் தொறந்தாலே கத்துவா. அவகிட்ட போய் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

என் கை பொத்தான் மேல் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நாளும் இவருக்குத் திமிர் என்றல்லவா நினைத்திருந்தேன். அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. இதை என்னிடம் சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

அவர் சட்டித்தலைப் பக்கம் குனிந்தார். "யாராவது கூட இருந்தா போயிருவேன். நீ வருவியா?"

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தேன். ஆய்வே பாழாகிவிடும் என்று பேராசிரியர் பின்னாலேயே ஓடிவந்து கெஞ்சினார். சும்மா இருங்கள் சார் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அண்ணன் என்னையும் சட்டித்தலையையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நேரம் யார் கேட்டுக்கொண்டிருந்தது என்று புரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போய், புண்ணான காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நான் வர்றேண்ணே. இப்பவே போலாம். கத்த மாட்டேன், எந்திரி" என்று கத்தினேன்.