பானைக்குள் போகாத கை

புதூர்நாட்டில் மாதையன் வீட்டுக்கு வந்த எவரும் தண்ணீர் கேட்டு நின்றதில்லை. உரிமையோடு உள்ளே போய், பானையில் சொம்பை விட்டு மொண்டு குடிப்பார்கள். விருந்தாளியைக் கேட்க வைப்பது அந்தக் குடும்பத்துக்கு இழுக்கு.

அன்று மாதையனுக்கு மச்சான் முறையான சேட்டு தன் மகனுக்கு மாதையனின் மகள் அபிநயாவைப் பெண் கேட்டு உறவினர்களோடு வந்தார். வழியில் ஜீப் சேற்றில் சிக்க, எல்லோரும் இறங்கித் தள்ளியிருந்தார்கள். சேட்டு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேரே பானையிடம் போனார்.

"இருங்க சித்தப்பா! உள்ள கைய வுடாதீங்க." மாதையனின் மருமகள் கல்பனா குறுக்கே வந்து நின்றாள்.



"இன்னா மச்சான், உன் வூட்ல எங்க கை ஆவாதா?" சேட்டு சொம்பை நங்கென்று கீழே வைத்தார். உடன் வந்தவர்கள் கிளம்பச் செருப்பைத் தேடினார்கள்.

"கல்பனா! பொண்ணு கேட்டு வந்தவங்கள அவமானப்படுத்துறியா? வழிய வுடு," என்று உறுமினார் மாதையன்.

 அவள் நகரவில்லை.

"மாமா, போன மாசம் நம்ம கொழந்தைக்கு வயித்தால போயி, திருப்பத்தூர் ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தானே! பானையில கைய வுட்டு மொள்ளாதீங்கன்னு டாக்டரம்மா உங்ககிட்டதான சொன்னாங்க? அன்னிலேர்ந்து காய்ச்சி ஆறவெச்சு, அகப்பையாலதான் ஊத்துறேன். இந்தச் சேத்துக் கை பட்ட தண்ணிய இத்தனை பேரும் குடிச்சு, நாளைக்கு யாரு படுத்தாலும் யாரு மானம் போவும்?"

மாதையன் புறக்கடைக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகு ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்து சேட்டுவின் முன் குனிந்து நின்றார்.

"கைய நீட்டு மச்சான். நான் ஊத்துறேன்."

யாருக்கும் குனிந்திராத மனிதர். சேட்டுவின் கோபம் நின்ற இடத்திலேயே கரைந்தது. வாசலில் இறங்கிச் சோப்பைத் தேய்த்தார்.

"போதுமாம்மா, இன்னும் தேய்க்கணுமா?"

"நகத்துல இன்னும் சேறு இருக்குது சித்தப்பா."

"யப்பா! எங்க பள்ளிக்கூட வாத்தியாரே தேவல," என்றார் சேட்டு. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கல்பனா அகப்பையால் மொண்டு ஊற்றிக் கொடுத்த தண்ணீரை அவர் நிறையக் குடித்தார். "மச்சான், இவகிட்டப் பழகுன பொண்ணத்தான் எங்க வூட்டுக்குக் குடுக்கணும். சரியா?"

மாதையன் நிமிர்ந்தார்.

"சரி மச்சான். வந்தவங்க பானையில கைய வுடறதுதான் நம்ம வூட்டுப் பெருமைன்னு இத்தினி நாளு நெனச்சிருந்தேன். வந்தவங்கள நோவில்லாம திருப்பி அனுப்புறதுதான் பெருமைன்னு என் மருமவ காட்டிட்டா. இனிமே கை கழுவாம இந்த வூட்டுத் தண்ணிய யாரும் தொடக் கூடாது. நானா இருந்தாலும் சரி."