எட்டுச் சுமை

தேவாலய வாசலில் பீரங்கியைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டி உள்ளே காத்திருந்தது.

"இன்னும் அஞ்சே நிமிஷம், அம்மணி. இது நாட்டோட கேடயம். அவசரப்படுத்த முடியாது" என்றார் கேப்டன் ஸ்டோல்கிரேன், மலைப் பீரங்கி வீரர் சங்கத் தலைவர். அவர் மார்பில் இரண்டு பதக்கங்கள். ஒன்றைச் சங்கமே கொடுத்தது, பரிந்துரைத்தவரும் அவர்தான். போர் நடந்த வருஷங்களில் அந்தக் கேடயம் நார்வே எல்லையை முறைத்துக்கொண்டு நின்றது. பயிற்சியில் ஒரு தடவை சுட்டார்கள். ஒரு வைக்கோல் கொட்டகை போயிற்று.

ஹில்டூர் தலையசைத்தாள். அவள் மனம் அங்கே இல்லை. கடைசி நாள் முழுவதும் அவள் கணவன் ஆல்கோட் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "ஏழு." சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பான். சற்றுப் பொறுத்து மறுபடியும், "ஏழு." ஏழு மணியா என்று கடிகாரத்தைக் காட்டினாள். மாத்திரைகளை எண்ணிக் காட்டினாள். படுக்கச் சொன்னால் படுக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்தபடியே இருந்தான். "மூளை குழம்பிடுச்சு, கண்டுக்காதீங்க" என்றாள் தாதி. மாலை நாலு மணிக்கு அப்படிப் பாதி எழுந்த நிலையிலேயே போய்விட்டான். நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்தும், கடைசியாக அவன் என்ன கேட்டான் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் கிழவர்கள் ஒவ்வொரு பாகமாக மாட்டினார்கள். மாட்டியவர் தன் எண்ணைக் கத்தினார். ஐந்து. ஆறு. பிறகு ஓர் இளம் குரல், "ஏழு."

ஹில்டூரின் கையுறை கீழே விழுந்தது. பூட்டி முடிந்ததும் எவெர்ட்டின் கையைப் பிடித்தாள். ஆல்கோட்டோடு படையில் இருந்தவன்.

"அந்த ஏழு யாரு எவெர்ட்?"

"உன் ஆளுதான். சொன்னதில்லையா?"

"குதிரையைப் பத்தித்தான் பேசுவாரு."

"பீரங்கியைப் பிரிச்சு மலையில ஏத்தினா எட்டுக் குதிரை, எட்டுச் சுமை. ஏழு அவன். இன்னிக்கு அவன் இடத்துல கேப்டனோட மருமகன் நிக்கிறான். சக்கரத்தக்கூடத் தலைகீழா மாட்டுவான் அவன்."

"ஏழுக்கு அப்புறம்?"

"நான். எட்டு. நான் சொன்னாத்தான் பூட்டி முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் எவனும் உட்காரக் கூடாது. என் குதிரை எப்பவும் பிந்தும். பனியில ஒண்ணும் தெரியாது. ஆல்கோட் நின்னுக்கிட்டே ஏழு, ஏழுன்னு குரல் குடுப்பான், எனக்கு வழி தெரியட்டும்னு."

"நீ எட்டுன்னு சொன்னா?"

"தொப்புனு உட்காருவான். என்னைத் திட்டிக்கிட்டே." எவெர்ட் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

உள்ளே கேப்டன் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். கேடயம் ஒன்பது தடவை வந்தது. ஆல்கோட் ஒரு தடவை வந்தான், அதுவும் ஆர்விட் என்று. பெட்டியின் மேல் பூ வைத்து விடைபெறும் நேரம். முதலில் போக வேண்டியது குடும்பம், கேப்டன் முந்திக்கொண்டார். அவர் விறைத்து அடித்த சலாமில் பதக்கங்கள் கிலுகிலுத்தன.

அவர் நகர்ந்ததும் ஹில்டூர் போய் ரோஜாவை வைத்தாள். குனிந்து, பெட்டியின் தலைமாட்டில் வாயைக் கொண்டுபோய், "எட்டு" என்றாள்.

அவன் உட்கார நேரம் கொடுப்பவளைப் போலக் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.