கழுதை விழுந்த படம்

மலைமேல் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ரோடு கிடையாது. தண்ணீர், அரிசி, மருந்து எல்லாமே என் கழுதை ராணியின் முதுகில்தான் ஏற வேண்டும். சித்திரையில் மேலே போர்வெல் வற்றிவிட்டால் ராணியை விட்டால் நாதியில்லை. ஒன்பது வருடத்தில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று மேலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. "தொட்டியில சுத்தமா தண்ணி இல்ல வள்ளியக்கா, சீக்கிரம் வந்துடுங்க" என்று நர்ஸ் நந்தினி காலையிலேயே போன் செய்திருந்தாள். அடிவாரக் கிணற்றில் நான்கு கேன் நிரப்பி ராணிமேல் கட்டினேன். அப்போது பார்த்துத்தான் திருவண்ணாமலை மிஷன் ஆபீசிலிருந்து மணிவேல் கேமராவோடு வந்து நின்றான்.

"நன்கொடை தர்றவங்களுக்கு வீடியோக்கா. 'வாயில்லா ஜீவனின் பாரத்தைக் குறைப்போம்'னு தலைப்பு. அந்த வளைவு வரைக்கும் ஏறுங்க."

ஏறினோம். முகத்தில் வெளிச்சம் விழவில்லையாம். "இன்னும் ஒரே ஒரு தடவைக்கா." இறங்கி மறுபடி ஏறினோம். குறுக்கே ஆடு வந்துவிட்டதாம். "இன்னும் ஒரே ஒரு தடவை."

"மேல பொண்ணு துடிக்குது சார். கேனையாவது இறக்கிடறேன்."

"வெறும் முதுகைக் காட்டினா யாருக்கா பணம் தருவாங்க? ஆஸ்பத்திரிக்குத்தானே எடுக்கறோம்."

ஊருக்குத்தான் உபதேசம். பாரத்தைக் குறைக்கச் சொல்லும் படத்துக்கு, பாரத்தோடு மூன்று முறை ஏற்றுகிறான். ஆபீஸ்காரனாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்மேலேயே எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

மூன்றாம் முறை வளைவில் ராணியின் முன்னங்கால் சறுக்கியது. முட்டி கிழிந்து விழுந்தாள். மூன்று கேன்கள் பாறையில் மோதிப் பிளந்தன. அவற்றிலிருந்த தண்ணீர் அத்தனையும் மண்ணில் போனது. அவள் எழப் பார்த்தாள், முடியவில்லை.

மணிவேல் கேமராவில் எடுத்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "விழுந்தது நல்லா வந்திருக்குக்கா. இதுவே போதும்."

கேமராவைப் பிடுங்கித் தோளில் மாட்டினேன். மிச்சமிருந்த கேனை அவிழ்த்து அவன் காலடியில் வைத்தேன்.

"தூக்கு. இல்லன்னா இந்தக் கேமரா பாறையில போவும்."

தூக்கினான். ராணியை மெல்ல எழுப்பிப் புங்கமர நிழலில் கட்டிவிட்டு, தினமும் அவள் பின்னால் நடப்பது போல அவன் பின்னால் நடந்தேன். நான்கு இடத்தில் நின்றான். நிற்கும்போதெல்லாம், "ராணி நிக்க மாட்டா" என்றேன்.

மேலே போனதும் ஆஸ்பத்திரிப் படியில் விழுந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வேர்வை தேறும். உள்ளே அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள். நந்தினி தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"ஒரு கேன்தானா? பத்தாதுக்கா."

மணிவேல் என்னை நிமிர்ந்து பார்த்தான். "முடியலக்கா" என்றான்.

காலிக் கேனை அவன் மடியில் வைத்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை சார்."