தின்னாமல் விட்ட தீனி

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் இருந்தது கடல் தண்ணீர். கடலிலிருந்து அள்ளி வந்ததல்ல. கடையில் விற்கும் உப்பை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, ஞாயிறுதோறும் அம்மா வாளியில் தயார் செய்வது. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். பல் பிடுங்க வருகிறவர்கள் பயத்தை மறந்து வேடிக்கை பார்க்கட்டும் என்று டாக்டர் அங்கே ஒரு தொட்டி வைத்திருந்தார். டாக்டர் ஓய்வு பெற்றபோது, "இத்தனை வருஷம் நீங்கதானே பாத்தீங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று அம்மாவிடமே கொடுத்துவிட்டார். பிரிவு உபசாரத்தில் ஊரெல்லாம் கடிகாரம் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது பாதி ஹாலை அடைக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி.

அதில் கடைசியாக மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, பதிமூன்று வயது. ஹாலில் யார் நடமாடினாலும் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, ஏன் லேட் என்று கேட்பதுபோல முறைக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

அம்மாவின் சட்டம் எளிது. காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு சிட்டிகை தீனி. ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மீன் தின்னாமல் கீழே விழுந்ததை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் நீளக் குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். "தின்னதால ஒரு கெடுதலும் இல்லடி. தின்னாததுதான் அழுகித் தண்ணிய விஷமாக்கும்" என்பாள். நான் காதில் வாங்கியதில்லை. எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் ரத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் சிரிஞ்சைப் பார்க்க என்ன தலையெழுத்து?

பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். விழுங்கும் சக்தி போய்விட்டது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு போர்டு மாட்டினார்கள்: "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது." கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார்கள். ஆகாரத்துக்கு மூக்கு வழியாகக் குழாய். அம்மாவுக்கு வாய் கோணிப் பேச்சு குழறியது, ஆனால் கேட்பது புரிந்தது. காபி கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான் மட்டும் காவல் இருந்தேன். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். கேன்டீன் காபியை ஆற்றி, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன்தான். லேசாக இருமினாள், அவ்வளவுதான். அதிலிருந்து மூன்றாம் நாள் காய்ச்சல். எங்கள் கூடத்துக்குத்தான் அவள் ரத்தம் வந்தது. மெஷினில் ஓட்டியதும் நான்தான், வெள்ளையணுக்கள் எகிறியிருந்ததைப் பார்த்ததும் நான்தான். நுரையீரலில் தொற்று என்றார் டாக்டர். அதிலேயே போய்விட்டாள். அந்த இரண்டு ஸ்பூனைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் சொல்வது, அந்த மீன் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகப் போயிற்று என்று புரிவதற்காக. ஓர் உயிர் என் கையால் போயிருந்தது. அவள் விட்டுப்போன இன்னோர் உயிரும் என் பொறுப்பில் போகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

அம்மா போன மூன்றாவது வாரத்தில் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. மணலில் சிவப்பாக ஏதோ படர்ந்தது. அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவியின் கிண்ணம் தினமும் நிரம்பி வழிந்து, ஹாலே அழுகல் நாற்றம் எடுத்தது. நான் வழக்கம்போல் தம்பி மேல் பாய்ந்தேன். அவன் கருவியின் மோட்டாரைக் குறை சொன்னான். அம்மா போனதிலிருந்து அப்பா எதற்குமே வாய் திறப்பதில்லை, அழக்கூட இல்லை.

அம்மாவுக்கு உப்பும் தீனியும் கொண்டுவந்து கொடுக்கும் தொட்டிக்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், சட்டைக் கையைச் சுருட்டினார், பாறைகளுக்குப் பின்னால் ஒரு குழாயை விட்டு உறிஞ்சினார். வெள்ளையாக, பூஞ்சை பிடித்து, ஊறிப்போன தீனி ஒரு மக் நிறைய வந்தது.

"யாரும்மா தீனி போடறது?"

"நான்தாண்ணே. காலைல ஒரே ஒரு சிட்டிகை. அம்மா போட்ட அதே அளவு."

"ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு சேராதும்மா."

தம்பி தொண்டையைச் செருமினான். "மத்தியானம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நானும் ஒரு சிட்டிகை போடுவேன். யாரும் போடறதில்லன்னு நெனச்சேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் சுவரைப் பார்த்தார். "சாயங்காலம்" என்றார்.

தொட்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே வீட்ல இருக்கீங்க, ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டீங்களா? அக்கா இருந்திருந்தா உங்க மூணு பேரையும் வரிசையா நிக்க வெச்சிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு அதுதான்.

இனி அப்பா மட்டும் போடட்டும் என்று முடிவு செய்தோம். அவரைவிடத் தோதான ஆள் கிடையாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு பேர் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆள் மந்திரியாக இருந்தாலும் வெளியே இறக்கிவிடுவார். ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகைதான் போடுவார் என்று நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

ஆனால் தண்ணீர் தெளியவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினோம், இரண்டே நாளில் மறுபடி கலங்கிற்று. அம்மா வைத்திருந்த சொட்டு மருந்துகளைப் போட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய குப்பி கரும்பச்சையாக மாறியது. அமோனியா. மேனேஜர் கண்ணாடிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டு, ஒரு மூலையில் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே வந்தால், அப்பா ஸ்டூல் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மீன் மணலில் பக்கவாட்டில் கிடக்கிறது. அப்பா தீனியைத் தண்ணீரில் குழைத்து, சிரிஞ்சில் எடுத்து, குழாய் நுனியை அதன் வாயருகே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். தீனி மீனைச் சுற்றி மூட்டமாக எழும்பி அப்படியே மணலில் படிந்தது.

"ஒரு வாய்" என்று கெஞ்சினார். "ஒரே ஒரு வாய்."

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "என்ன பண்றீங்க? அதக் கொல்லணும்னே கங்கணம் கட்டிட்டு உக்காந்திருக்கீங்களா?" என்று கத்தி, சிரிஞ்சைப் பிடுங்கினேன். ஓடிப்போய் உப்புத் தண்ணீர் கலந்தேன், தம்பிக்கு போன் செய்து வரவழைத்தேன், இரண்டு பேரும் வாளி வாளியாக மாற்றினோம். மணலில் கிடந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. நாலு மணிக்கு மீனின் செவுள் அசைவது நின்றுவிட்டது.

தம்பி வாளிகளைக் கழுவ மாடிக்குப் போனான். ஹாலெல்லாம் தண்ணீர். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் பொருளில் ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பசியோட போகக் கூடாதுன்னுதான்" என்றார்.

"அதுக்குப் பசியே இல்லப்பா. தின்னாததப் போட்டுப் போட்டுத்தான்..."

"நான் மீனச் சொல்லல."

தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். "உங்கம்மா நாப்பத்தோரு வருஷத்துல எங்கிட்ட இது வேணும், அது வேணும்னு கேட்டதே கெடையாது. கடைசில ஒரு வாய் காபி கேட்டா. என் சட்டையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? தலைமாட்ல இருந்த போர்டக் காட்டினேன். படிச்சுப் பாருன்னு காட்டினேன்."

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. எப்படியும் போகத்தான போறா, ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிருக்கும்? வாய் காஞ்சு, பசியோட அனுப்பிட்டேன். சாப்பாட்டுல கை வெச்சா அந்த நெனப்புதான் வருது. இதுக்காவது போடலாம்னு ஒரு தரம் போடுவேன், திங்கலன்னா இன்னொரு தரம் போடுவேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் தப்பித்துக்கொள்ளலாம். அவர் மிச்சமிருக்கும் காலமெல்லாம் அந்தப் போர்டைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சொன்னாலோ, அவர் மனைவி எதனால் செத்தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெற்ற மகளை அதற்கப்புறம் எந்தக் கண்ணால் பார்ப்பார்?

"அப்பா" என்றேன். "நான் குடுத்தேன்."

திரும்பிப் பார்த்தார்.

"பன்னெண்டாம் நாள். நீங்க வீட்டுக்கு வந்திருந்தீங்க. ரெண்டு ஸ்பூன் காபி குடுத்தேன். அதுக்கப்புறம்தான் காய்ச்சல் வந்துச்சு. ரத்தத்துல நானே பாத்தேன். டாக்டர் சொன்னதக் கேக்காம நான்தாம்பா அம்மாவ..."

மேலே சொல்ல முடியாமல் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து வருவது கேட்டது. அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் பக்கத்தில் வந்து, ஈரத்தில், என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"குடிச்சாளா?" என்றார்.

"ம்."

"வெளிய வழிஞ்சிடலயே? உள்ள போச்சா?"

"போச்சுப்பா. முழுங்கிட்டு உதட்ட நக்கினா. இன்னொரு ஸ்பூன்னு கண்ணாலயே கேட்டா. குடுத்தேன்."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"சக்கர போட்டியா?"

"ரெண்டு பொட்டலமும் போட்டேன்."

"அவளுக்குக் கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் புடிக்கும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, அம்மா போன நாளிலிருந்து அழாத மனிதர், என் கையை விடாமல் அழ ஆரம்பித்தார்.